இளைக்க வைத்த மருந்துகள்

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் அண்மையில் நடந்த ஓர் உரையாடலிலிருந்து தொடங்குகிறேன். நெடுநாளாக நீரிழிவு உள்ள நண்பர் ஒருவர், மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார். சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது. எடையும் கணிசமாகக் குறைந்திருக்கிறது. சூழ்ந்து நின்றவர்களில் ஒருவர், தம் மகளின் திருமணத்துக்கு இன்னும் நான்கு மாதங்களே இருப்பதாகவும், முகூர்த்தத்துக்குள் அவள் பத்துக் கிலோ இளைக்க வேண்டும் என்றும் சொல்லி, அந்த ஊசியின் பெயரைக் குறித்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும் உடல்வாகு எனக்கும் உண்டு. அந்தப் பெயரை என் மனமும் குறித்துக்கொண்டது என்பதே உண்மை.

வீடு திரும்பிய பிறகுதான் யோசித்தேன். இருவரும் பேசியது ஒரே மருந்தைப் பற்றி. ஒருவருக்கு அது நோய்க்கு மருந்து. மற்றவருக்கு உருவத்துக்கு ஒப்பனை. இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு அழிந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்தவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இளைப்பதற்கு மருந்து என்னும் எண்ணம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விலங்குகளின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஐரோப்பிய மருத்துவர்கள் இதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது. கூடவே தசையும் கரைந்தது, இதயமும் படபடத்தது. ஆனால் இந்த வரலாற்றின் உண்மையான முதல் அத்தியாயம் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் எழுதப்பட்டது.

முதல் உலகப்போரின்போது பிரான்சில் பிக்ரிக் அமிலத்துடன் டைநைட்ரோஃபீனால் என்னும் மஞ்சள் நிறப் பொருளைக் கலந்து வெடிகுண்டுகளை நிரப்பினார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் கண்டு, உடல் மெலிந்தார்கள். சிலர் இறந்தார்கள். அவர்களுக்கு அது நஞ்சு. ஆனால் 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் டெயின்ட்டர், விண்ட்சர் கட்டிங் என்னும் இருவர் அதே பொருளில் இளைக்கும் மருந்து ஒன்றைக் கண்டார்கள்.

உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலை உயிரணுக்கள் வேதிப்பொருளாகச் சேமித்துச் செலவழிக்கின்றன. டைநைட்ரோஃபீனால் இந்தச் சேமிப்பைக் குலைத்து, ஆற்றலை வெறும் வெப்பமாக வெளியேற்றிவிடுகிறது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், சோறு வேகாது. உடல் தன் கொழுப்பை எடுத்து எரித்துக்கொண்டே இருக்கும். பட்டினி இல்லை, உழைப்பு இல்லை, வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ குறையும். யாருக்குத்தான் ஆசை வராது? அமெரிக்காவில் மட்டும் குறைந்தது ஒரு லட்சம் பேர் இதை உட்கொண்டிருப்பார்கள் என்று 1934இல் டெயின்ட்டரே கணக்கிட்டார். மருத்துவரைப் பார்க்காமலே கடையில் வாங்கிச் சாப்பிட்டவர்கள் பலர்.

அளவு சற்று மிகுந்தால் உடலின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அதைத் தணிக்க மாற்றுமருந்து கிடையாது. உள்ளிருந்தே வெந்து சாவது என்பது இங்கே மிகையான சொல் அன்று. 1935இல் இன்னொரு செய்தி வந்தது. இளம் பெண்களுக்குக் கண்புரை விழுந்தது. இளைத்த உடலைக் கண்ணாடியில் பார்க்க ஆசைப்பட்டவர்களின் பார்வையே மங்கிப் போயிற்று. அன்றைய அமெரிக்க உணவு மருந்துத் துறைக்கு இதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தின் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. 1938இல் புதிய சட்டம் வந்த பிறகே இந்த மருந்து சந்தையிலிருந்து விரட்டப்பட்டது. ஆனாலும் அது சாகவில்லை. இணையம் வந்த பிறகு மீண்டும் தலைகாட்டி இளைஞர்களைப் பலிவாங்கியதால், 2023 அக்டோபரில் பிரிட்டன் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சாக அறிவித்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அது தன் பழைய பெயருக்கே திரும்பியது.

அடுத்து வந்தது ஆம்பெட்டமைன் காலம். பசியை அடக்கி, உற்சாகத்தையும் தரும் மாத்திரை. கூடவே அடிமைத்தனத்தையும் தந்தது. 1968இல் 'லைஃப்' இதழின் பெண் நிருபர் ஒருவர் தமக்குப் பருமனே இல்லாத நிலையில் பத்து மருத்துவர்களிடம் போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்ண வண்ண மாத்திரைகளுடன் திரும்பினார். கோடு எங்கே அழிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் காலத்துக்கு அருகிலுள்ள கதை ஃபென்ஃப்ளூரமைன். 1992இல் வெளியான ஓர் ஆய்வு, இதை ஃபென்டெர்மைன் என்னும் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கிறது என்றது. ஆய்வில் இருந்தவர்கள் 121 பேர். அடுத்த நான்கே ஆண்டுகளில், 1996இல் மட்டும், அமெரிக்க மருத்துவர்கள் இம்மருந்துகளுக்கு எழுதிய சீட்டுகள் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல். 121க்கும் அந்த எண்ணுக்கும் இடையிலான தூரத்தில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது. அதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் புகழ்பெற்ற பேராசிரியர் அல்லர். ஃபார்கோ என்னும் சிறு நகரில் இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் ஒரு பெண் தொழில்நுட்பர். இளம் வயதுப் பெண்களின் இதய வால்வுகள் விசித்திரமாகத் தடித்திருப்பதையும், அவர்கள் அனைவரும் இளைக்கும் மாத்திரை சாப்பிட்டவர்கள் என்பதையும் அவர் குறித்துவைத்தார். 1997 ஜூலையில் 24 பெண்களைப் பற்றிய அறிக்கை வெளியானது. செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமைன் திரும்பப் பெறப்பட்டது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். பிரான்சில் முடியவில்லை. செர்வியே நிறுவனம் 1976இலிருந்து 'மெடியேட்டர்' என்ற பெயரில் ஒரு மருந்தை விற்றுவந்தது. சீட்டில் அது நீரிழிவு நோயாளிகளுக்கானது. நடைமுறையில் இளைக்க விரும்பியவர்களுக்கும் தாராளமாக எழுதப்பட்டது. உடலுக்குள் போனதும் ஃபென்ஃப்ளூரமைன் எந்தப் பொருளாக மாறுமோ, அதே பொருளாகத்தான் இதுவும் மாறும். ஃபென்ஃப்ளூரமைன் போன பிறகும் மெடியேட்டர் 2009 வரை கடைகளில் இருந்தது. ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர் அதை உட்கொண்டார்கள். பிரெஸ்ட் நகர மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ராஷோன் பழைய நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டிச் சான்று திரட்டினார். 2010இல் அவர் எழுதிய நூலின் துணைத்தலைப்பு 'எத்தனை சாவுகள்?' என்று கேட்டது. அந்தத் துணைத்தலைப்பை நீக்கும்படி நீதிமன்றம் முதலில் உத்தரவிட்டது. ஆனால் 2021இல் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதித்த தொகை 40 கோடி யூரோவையும் தாண்டியது. இறந்தவர்களின் எண்ணிக்கையை நூற்றுக்கணக்கிலிருந்து இரண்டாயிரம் வரை மதிப்பிட்டார்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, எல்லா மருந்தும் சூது என்று முடித்துவிடுவது எளிது. அது நேர்மையாகாது. இன்றைய ஊசிகளின் வரலாறு வேறு. உண்டவுடன் குடலில் சுரந்து மூளைக்கு நிறைவைச் சொல்லும் ஜிஎல்பி-1 என்னும் இயக்குநீர் இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களே நிலைக்கும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பணியாற்றிய ஜான் எங், கிலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் அதைப் போன்ற, ஆனால் நீண்ட நேரம் நிலைக்கும் ஒன்றை 1992இல் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த நீரிழிவு மருந்து 2005இல் வந்தது. மனித இயக்குநீரையே திருத்தியமைத்த செமக்ளூடைடு 2017இல் நீரிழிவுக்கும் 2021இல் உடற்பருமனுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 68 வார ஆய்வில் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. 2023இல் வெளியான, 17,604 பேரைத் தொடர்ந்த ஆய்வில், பருமனோடு இதயநோயும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. முந்தைய மருந்துகள் இதயத்தைக் கெடுத்தன, இது காக்கிறது. இந்த வேறுபாடு சிறிதன்று.

ஆனால் விலை இல்லாமல் இல்லை. குமட்டலும் வாந்தியும் பரவலானவை. பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி, கொழுப்போடு தசையும் குறைதல் ஆகியவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்தினால் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. நோயாளிக்கு இது நெடுங்காலத் துணை. முகூர்த்தத்தோடு முடித்துக்கொள்ள எண்ணுபவருக்கு இது கடன். இந்தியாவில் இவ்வகை ஊசிகள் 2025இல் பருமனுக்கென்றே விற்பனைக்கு வந்தன. செமக்ளூடைடின் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிவதால் விலை இறங்க வழி பிறக்கிறது. வேண்டியவருக்கு அது எட்டுவது நல்லதே. வேண்டாதவருக்கும் எட்டும் என்பதே கவலை.

தமிழாசிரியனுக்கு இவ்விடத்தில் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. அந்தப் பத்துக் குறள்களில் ஒன்றிலும் ஒரு மருந்தின் பெயர் இல்லை. பெரும்பகுதி, முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியது. வகுப்பில் இதை நடத்தும்போது முன்பெல்லாம் பருத்த மாணவர்களைப் பார்த்து ஒரு புன்னகையுடன் சொல்வேன். இப்போது அதற்காக வெட்கப்படுகிறேன். பசி என்பது மன உறுதியின் தேர்வு மட்டுமன்று, குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் மொழி என்பதை இந்த மருந்துகளே நமக்குக் காட்டியிருக்கின்றன. அத்தகைய புன்னகைகளுக்கு அஞ்சித்தான் 1934இல் அந்தப் பெண்கள் கடையில் மஞ்சள் மருந்தை வாங்கியிருப்பார்கள்.

மறுநாள் அந்த நண்பரிடம் பேசினேன். மகளுக்கு என்ன வயது, சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டேன். எதுவும் இல்லை, கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், அவ்வளவுதான் என்றார். "அவள் கேட்டாளா?" என்றேன். நெடுநேரம் அவர் பதில் சொல்லவில்லை. "மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள்" என்றார் பிறகு.