இரண்டு பாட்டிகளும் ஒரு தண்டவாளமும்

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் என் நண்பர்கள் நம்புவதில்லை. அந்தக் கிளைப்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் ஆட்சியில் பெயர்த்தெடுத்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தண்டவாளம் போன திசையிலேயே தோட்டத்து ஆட்களும் போனார்கள். அவர்களில் ஒருவர் என் பாட்டியின் அண்ணன். திரும்பவே இல்லை.

அவர் போன கதை எங்கள் வீட்டில் இரண்டு விதமாக இருந்தது. பாட்டி சொல்வார்: "பெரட்டுல பேர் கூப்பிட்டாங்க. கிராணி லிஸ்ட்ட வெச்சுக்கிட்டு நின்னாரு. அங்கேயே லோரில ஏத்திட்டாங்க." சின்னப் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார். "அதெல்லாம் இல்லடா. சும்மா படம் காட்டுறான்னு டவுனுக்குப் போனான். வெளிய வந்தா வாசல்ல சிப்பாய் நிக்கிறான். கூடப் போயித் தப்பிச்சு வந்தவன் சொன்னது." மலாயாவில் இரண்டு விதமாகவும் ஆள் பிடித்திருக்கிறார்கள். அப்போது பாட்டிக்கு எட்டு வயது, சின்னப் பாட்டிக்கு ஆறு.

பதிவு செய்ய இருவருமே சம்மதிக்கவில்லை. கேட்டுக்கொண்டே மடிக்கணினியில் தட்டச்சு செய்தேன். நிரல் எழுதுவது என் தொழில் என்பதால் அந்தக் கோப்பைக் கிட்டில் வைத்திருந்தேன்.

எழுதியதன் எல்லா நிலைகளையும் காப்பாற்றி வைக்கும் மென்பொருளுக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ். என்ற ஒன்றைச் செய்தார். 1980களில் வால்டர் டிக்கியின் ஆர்.சி.எஸ். வந்தது, பிறகு சி.வி.எஸ். லினக்ஸ் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் 2005இல் நின்றுபோனபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட்டை எழுதத் தொடங்கி ஓடவும் வைத்துவிட்டார். அதில் ஒவ்வொரு 'கமிட்'டும் அந்த நேரத்து முழு நிலையின் பதிவு. எப்போது, யார், ஏன் என்ற குறிப்பும் கூடவே இருக்கும்.

சின்னப் பாட்டியின் கதையை நான் சேர்த்ததைக் கேட்டதும் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது சின்னப் புள்ள. அதுக்கு என்ன தெரியும்?" நானும் வரலாறு ஒன்றாக இருந்தால்தான் அழகு என்று நினைத்தேன். 'ரிவர்ட்' செய்திருக்கலாம். அது பழைய கமிட்டைத் தொடாமல், அதை மாற்றிப்போடும் புதிய கமிட் ஒன்றைச் சேர்க்கும். மனம் மாறியதும் வரலாற்றில் பதிவாகும். நான் 'ரீசெட் ஹார்ட்' கொடுத்தேன். சின்னப் பாட்டி சொன்னதே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது.

மூன்றாவது வாரம் சின்னப் பாட்டி இறந்துபோனார்.

காரியம் முடிந்த இரவு 'ரெஃப்லாக்' கட்டளையை அடித்தேன். நம் கணினியில் நாம் எந்தக் கமிட்டிலிருந்து எதற்குத் தாவினோம் என்று கிட் தனியாக எழுதி வைத்திருக்கும். கைவிட்ட கமிட்டுகளின் தடம் அதில் வழக்கமாக 30 நாட்கள் இருக்கும். இருபத்திரண்டாம் நாள் அது. பழைய கமிட்டின் எண்ணைப் பிடித்து ஒரு புதிய கிளை போட்டேன். சின்னப் பாட்டியின் வரிகள் வந்தன, "அதெல்லாம் இல்லடா" உட்பட. கடைசி நாள் சொன்ன இரண்டு பத்திகள் மட்டும் வரவில்லை. அவற்றை நான் கமிட் செய்யவே இல்லை. கமிட் செய்யாததை ரெஃப்லாக்கும் காப்பாற்றாது.

பிறகு இரண்டு கிளைகளையும் இணைத்தேன். ஒரே இடத்தில் இரண்டு கிளைகளும் வேறுவேறாக மாறியிருந்தால் கிட் தானாக முடிவெடுக்காது. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, குறியிட்டு, நின்றுவிடும். நாம்தான் தீர்க்க வேண்டும். உ.வே.சா. தம் பதிப்புகளில் பொருத்தமான பாடத்தை மேலே வைத்து, மற்றதைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் தந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே யாரை அடிக்குறிப்பில் போடுவது? அண்ணனைப் பறிகொடுத்தவர்கள் இருவரும்தானே.

குறிகளை மட்டும் நீக்கிவிட்டு, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு வெள்ளச் சட்ட போட்டிருந்தான். பெரட்டுக்கு யாரு வெள்ளச் சட்ட போடுவா?" என்றார்.

அதையும் எழுதி, உடனே கமிட் செய்தேன்.