சமையல்கட்டு ஏன் கடைசியில்?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனா ஆத்தங்குடி டைல்ஸையும் பர்மா தேக்கையும்தான் போட்டோ எடுப்போம். இன்னிக்கு நான் பேசப்போறது அந்த வீடுகளோட சுவரைப் பத்தி. தீயை இருக்கிற இடத்திலேயே நிறுத்துற சுவர்.

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940-கள் வரை நகரத்தார் கட்டின பெரிய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பிச்சு அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, கடைசியில் சமையல்கட்டு. தேக்குத் தூண்கள் முன்பக்கம், விறகடுப்பு பின்பக்கம். நடுவில் திறந்த முற்றங்கள், சுண்ணாம்பு பூசின கனமான செங்கல் சுவர்கள். புகைக்கும் சூட்டுக்கும் வசதியான இந்த ஏற்பாடு தீக்கும் தடைதான். செங்கலும் சுண்ணாம்பும் எரியாது.

அந்தத் தடை இல்லாட்டி? 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிச் சமையலறைக் கூரையில் பிடிச்ச தீ, மாடி வகுப்பறையோட கீற்றுக் கூரைக்குத் தாவுச்சு. 94 குழந்தைகள் இறந்தாங்க.

இன்னிக்கு நம்ம ஆபீஸ், ஹோட்டல், ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் அறை பிரிக்கிறது ஜிப்சம் போர்டு. 1894-ல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை வாங்கின பலகையிலிருந்து வளர்ந்தது. தட்டினா டொக்குனு சத்தம் வரும், இது எப்படித் தீயைத் தாங்கும்? ஜிப்சத்தோட எடையில் சுமார் 21 சதவீதம் தண்ணீர், படிகத்துக்குள்ளேயே இருக்கு. தீ பட்டா அது ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கும். அது தீர்ற வரைக்கும் சுவரோட மறுபக்கம் பெருசா சூடாகாது. தீ தாங்கும் ரகத்தில் கண்ணாடி இழையும் சேர்ப்பாங்க. தண்ணீர் போன பிறகும் பலகை உதிராம நிக்கிறதுக்கு.

ஆனா, 'ஒரு மணி நேரம் தாங்கும்'ங்கிற சான்று பலகைக்கு மட்டும் கிடையாது. சட்டம், பலகை, திருகு இடைவெளி, இணைப்புப் பூச்சு எல்லாம் சேர்ந்த சுவருக்குத்தான். நம்ம பாஷையில், யூனிட் டெஸ்ட் பாஸ் ஆனா போதாது, இன்டகிரேஷன் டெஸ்ட்டும் பாஸ் ஆகணும்.

பெரும்பாலும் ஃபெயில் ஆகுற இடங்கள் மூணு. சுவர் ஃபால்ஸ் சீலிங்கோட நின்னுடும். மேல கான்கிரீட் தளம் வரைக்கும் போகாது. ஏசி பைப்புக்கும் கேபிளுக்கும் போட்ட ஓட்டையைத் தீ தடுக்கும் பசையால் அடைக்க மாட்டாங்க. ஸ்விட்ச் பாக்ஸை ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் வெட்டி வைப்பாங்க. செங்கல் சுவரை இடிச்சாதான் ஓட்டை. இங்க ஒரு கட்டர் போதும்.

பழைய வீட்டை ஹோட்டலா மாத்தி, முற்றத்தைக் கூரை போட்டு மூடி, அறைகளைப் பலகையால் பிரிச்சா, அந்த வீடு தந்த ரெண்டு பாதுகாப்பும் போயிடும். அதனால உங்க ஆபீஸ்ல புது பார்ட்டிஷன் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சீலிங்குக்கு மேல சுவர் இருக்கா?"