இருபதரை கிராம் பொட்டலம்

கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது கேம்பல் பே. இப்போது ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேலான கடல் பயணம். 1969 முதல் முன்னாள் ராணுவ வீரர்களைக் குடியமர்த்தி உருவான ஊர் இது. பஞ்சாபிக் குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே தமிழ்க் குடும்பங்களும் காடு திருத்தி வாழ்ந்த இடம்.

இப்படிப்பட்ட ஊரில் வாந்திபேதி பரவினால், மருத்துவருக்கு முதலில் எழும் கேள்வி எடை பற்றியது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் காலராவில் உடல் நீரெல்லாம் வற்றிப்போனால், முதல் சில மணி நேரத்திலேயே ஏறக்குறைய 5 லிட்டர் சலைன் ஏற்ற வேண்டும். அதாவது பத்து அரை லிட்டர் பாட்டில்கள், ஊசி, குழாய், நரம்பு பிடிக்கத் தெரிந்த கை. அதே 5 லிட்டரைப் பொடியாகக் கொண்டுபோனால் ஐந்து பொட்டலம், ஒன்று 20.5 கிராம். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். நாடித் துடிப்பே கிடைக்காதவர்களுக்கும் மயங்கிக் கிடப்பவர்களுக்கும் சலைன்தான் வேண்டும். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோரை அந்தப் பொடியும் நல்ல தண்ணீரும் காப்பாற்றிவிடும். ஓ.ஆர்.எஸ். என்று நாம் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கேட்டு வாங்கும் அந்தப் பொட்டலம், இங்கே வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் நூற்றைம்பது வருடத்துக்கும் மேல்.

1817இல் வங்காளத்தின் ஜெசோர் பகுதியில் வெடித்த காலரா, வணிகக் கப்பல்களோடும் படைகளோடும் உலகம் சுற்றக் கிளம்பியது. 1831இல் இங்கிலாந்தின் சந்தர்லாந்து துறைமுகத்தில் இறங்கியபோது, வில்லியம் புரூக் ஓஷானசி என்ற 22 வயது அயர்லாந்து மருத்துவர் அங்கே போய் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் நீரும் உப்பும் குறைந்துகிடந்தன. போனதைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். ஊரெல்லாம் அட்டை விட்டு இரத்தம் உறிஞ்சி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். அடுத்த வருடமே ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்பு நீர் ஏற்றினார். சாகக் கிடந்தவர் தெளிந்தார். சில மணி நேரத்தில் பேதி திரும்பியது, இறந்துபோனார். தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. லாட்டா 1833இல் மறைந்தார், முறையும் மறக்கப்பட்டது.

ஓஷானசி என்ன ஆனார்? கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குக் கல்கத்தா வந்தார். காலரா பிறந்த மண்ணுக்கே வந்தவர், காலராவைத் தொடரவில்லை. கஞ்சாவின் மருத்துவ குணங்களை ஆராய்ந்து மேற்கு நாடுகளுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு கல்கத்தாவையும் ஆக்ராவையும் பம்பாயையும் சென்னையையும் தந்திக் கம்பியால் இணைத்தார். இந்தியத் தந்தியின் தந்தை என்று இன்று நினைக்கப்படுபவர், சலைன் பாட்டிலுக்கும் மூல காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் நரம்பு வழி உப்பு நீரை மறுபடி கையில் எடுத்து, காலரா சாவுகளைக் கணிசமாகக் குறைத்தார். ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கான வைத்தியம். வாய் வழியே கொடுத்தால் என்ன என்று அதே நகரத்தின் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி முயன்று பார்த்தார். உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர், வாந்தியை அடக்க ஒரு மாத்திரை, பேதிக்கு ஓர் இலைச்சாறு. அந்த இலை, நம் வீட்டுத் தொட்டியில் சளிக்காக வளர்க்கும் கற்பூரவள்ளிதான். 186 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 1953இல் லான்செட் இதழில் எழுதினார். உலகம் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியது. போதிய ஒப்பீட்டுச் சோதனை இல்லை என்று காரணம் சொல்லலாம். எனக்கென்னவோ அவரை இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. இடையில் போன ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் வற்றிச் செத்திருக்கும்!

ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விடை 1960இல் பிராக் நகர மாநாட்டில் வந்தது. சிறுகுடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசல் வழியாக ஜோடி சேர்ந்து உள்ளே போகின்றன, பின்னாலேயே தண்ணீரும் போகிறது என்ற கருத்தை ராபர்ட் கிரேன் அங்கே முன்வைத்தார். காலராக் கிருமி குடலை என்ன பாடு படுத்தினாலும் இந்த வாசல் மட்டும் அடைபடுவதில்லை. வெறும் உப்பு நீர் குடித்தால் பேதியோடு போய்விடும். சர்க்கரை சேர்ந்தால் உடம்பில் தங்கும். ஆனால் அளவு தவறக் கூடாது. 1962இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் உப்பு மிகுந்த கரைசலைக் கொடுத்துப் பார்த்தார். முதலில் பலன் தெரிந்தது. சோதனையை விரிவாக்கியபோது ஐந்து பேர் இறந்தார்கள். 1968இல்தான் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள், வெளியேறும் நீரை அளந்து அதற்கு ஈடாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சலைன் தேவை பெருமளவு குறைகிறது என்று காட்டினார்கள். அதுவும் ஆஸ்பத்திரியில், கண்ணெதிரே, கணக்கெழுதி வைத்து.

கணக்கெழுத நேரமில்லாத நாள் 1971இல் வந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர பன்கான் ஆஸ்பத்திரியில் காலரா. பன்கான், 1947 வரை ஜெசோர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1817இல் நோய் கிளம்பிய அதே வட்டாரத்தில்தான் அதற்கு மருந்தும் நிரூபணமாகவிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் போய்ச் சேர்ந்தபோது இரண்டு அறை, 16 படுக்கை. மிச்சப் பேர் தரையில். வாந்திக்கும் பேதிக்கும் நடுவே முழங்காலிட்டுத்தான் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது.

அவர் முடிவெடுத்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. மூன்றும் கல்கத்தாச் சந்தையில் கிடைப்பவை. அங்கிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தின் நூலக அறையில் எடை போட்டு, பாலிதீன் பையில் கொட்டி, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வாயை ஒட்டினார்கள். பன்கானில் பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். குவளையில் மொண்டு கொடுத்தது டாக்டரோ நர்ஸோ இல்லை. நோயாளியின் அம்மா, அண்ணன், கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. முகாம்களில் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்த வார்டுகளில் 3.6 சதவீதமாக இறங்கியது. அங்கே வந்து பார்த்த உலக சுகாதார நிறுவன மருத்துவர் திமன் பருவா இந்த முறைக்காக வாதாடத் தொடங்கினார். கலக்கும் விதம் துண்டுப் பிரசுரமாக எல்லையெங்கும் போனது, வங்கதேச விடுதலைப் போராளிகளின் ரகசிய வானொலியிலும் ஒலித்தது. முடிவுகளை எழுதி அனுப்பிய கட்டுரையை உடனே ஏற்க ஆளில்லை. 1973இல்தான் அது அச்சேறியது.

பிறகு நகல்கள் பெருகின. நல்ல நகல்களும் உண்டு. வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 1980க்கும் 1990க்கும் இடையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். கற்றுக்கொடுத்த ஊழியருக்குச் சம்பளம், பிறகு போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்பதைப் பொறுத்து! 1984இல் சமையல் சோடாவுக்குப் பதில் சிட்ரேட் வந்தது, வெப்ப நாடுகளில் பொடி கெடாமல் இருக்க. 2000இல் வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்தால் பேதி இன்னும் சீக்கிரம் நிற்கிறது என்று காலரா நோயாளிகளிடம் காட்டினார்கள். 2002இல் உப்பும் சர்க்கரையும் குறைக்கப்பட்டு இன்றைய 20.5 கிராம் அளவு நிலைத்தது.

அதே 2002இல் நிக்கோபாரின் நான்கவுரி தீவுகளில் காலரா பரவியது. இரண்டு வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26 காலையில், கேம்பல் பே உட்பட நிக்கோபார் கரைகளைச் சுனாமி அடித்தது. கிரேட் நிக்கோபாரின் நிலமே இறங்கி, தென்முனை இந்திரா பாயின்ட் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. சாலைகள் துண்டாயின. அலையில் செத்தவர்கள் அளவுக்கு நோயிலும் சாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் அஞ்சியது. தீவுகளில் அந்த அச்சத்துக்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது: கரையோரக் கிணறுகளில் கடல்நீர் புகுந்திருந்தது. உவர்த்த நீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்தால் உப்பு எல்லை மீறி, குழந்தைக்கு மருந்தே விஷமாகும். ஆகவே பொட்டலத்தோடு நல்ல தண்ணீரும் குளோரினும் போயாக வேண்டும். தப்பிய பலருக்கு முதல் நாட்களில் தாகம் தீர்த்தது இளநீர். பொட்டாசியம் நிறைந்தது, ஆனால் சோடியம் குறைவு. பேதிக்கு அது மட்டும் போதாது.

பயந்த பெரும் கொள்ளைநோய் வரவில்லை. கார் நிக்கோபார் நிவாரண முகாம் ஒன்றில் ரோட்டா வைரஸ் பேதி பரவியது. தலையெடுத்த இடத்திலேயே கவனிக்கப்பட்டது. லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் துணைச் செவிலியர் சாந்தி தெரசா லக்ரா, ஓங்கே மக்களோடு காட்டுக்குள்ளேயே தங்கிப் பணி செய்தார். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். பேரிடரில் மருத்துவப் பணியை நடத்துவது பெரிய அறையில் வரைபடம் விரித்துப் பேசுவது மட்டும் இல்லை. கடைசி ஆள் கையில் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்ய அவருக்குத் தெரியும் என்பதுதான் பாதி வேலை. பன்கானில் மகலனாபிஸ் செய்தது அதைத்தான்.

2022இல் மறைந்த அவருக்கு 2023இல் பத்மவிபூஷண் கிடைத்தது. அதே பட்டியலில், 1999 தட்டம்மையிலிருந்து அந்தமானின் ஜாரவா மக்களைக் காக்கப் பாடுபட்ட மருத்துவர் ரத்தன் சந்திர கருக்குப் பத்மஸ்ரீ.

நகல்களில் கெட்டதும் உண்டு. சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி மருந்துக்கடை அலமாரியிலேயே உட்கார்ந்தன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை உணவுப் பானங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. சர்க்கரை கூடினால் குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதில் வெளியே இழுக்கும், பேதி அதிகமாகும்.

ஆகவே வாங்கும்போது உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே, கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். பாதிப் பொடியைப் போட்டு மீதியை மடித்து வைக்காதீர்கள். ருசிக்காகச் சர்க்கரை சேர்க்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள்.