வங்கதேச வங்கிக் கொள்ளை (2016): இலங்கைத் தொடர்பு

2016 பெப்ரவரியில் இணையத் திருடர்கள் வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்து, நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்த அதன் கணக்கிலிருந்து பணம் அனுப்பும்படி வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் பொய்க் கட்டளைகள் விடுத்தனர். 8.1 கோடி டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலரோ மறிக்கப்பட்டது. பெறுநர் அமைப்பின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைக் கண்டு, இடைநிலை வங்கியான டொய்ச்சு வங்கி விளக்கம் கேட்டது. தொகை திரும்பிப் போனது. பெருந்தொகையை நிறுத்திவைத்து விசாரிக்கும் இந்த வழக்கம், நிதித் தொழில்நுட்ப நிறுவனங்கள் எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாதது.

இலங்கையில் வங்கிகளுக்கென 2014 இல் தொடங்கிய கணினிப் பாதுகாப்புக் குழு, பின்னர் நிதித்துறை முழுவதற்கும் விரிந்தது. வங்கிகள் மட்டுமன்றி, பருத்தித்துறையில் கைபேசியில் பணம் அனுப்புபவரும் கவனிக்க வேண்டியது: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், ஒருமுறைக் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லாதீர்கள்.