கற்பித்தல் பயிற்சி (உயர்நிலைப் பள்ளி ஆங்கிலம்)

கற்பித்தல் பயிற்சி என்பது பி.எட். மாணவர் பள்ளிக்குச் சென்று, வழிகாட்டி ஆசிரியரின் மேற்பார்வையில் பாடம் நடத்தும் கட்டாயப் பயிற்சிக் காலமாகும். இது உற்றுநோக்கல், நுண்ணிலைக் கற்பித்தல், முழு வகுப்புக் கற்பித்தல் என மூவகைப்படும்.

ஆங்கிலப் பயிற்சியில் உரைநடை, செய்யுள், துணைப்பாடம், இலக்கணம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பாடக்குறிப்பு எழுதப்படும். ஒவ்வொரு குறிப்பிலும் கற்றல் நோக்கம், ஊக்குவித்தல், புதுச் சொற்கள், மாதிரி வாசிப்பு, மதிப்பீட்டு வினாக்கள் இடம்பெறும். புதுச் சொற்களை மின்னட்டையில் காட்டி, ஒலித்துக்காட்டி, வாக்கியத்தில் பயன்படுத்துவது வழக்கம். வழிகாட்டி ஆசிரியர் கடைசி வரிசையில் அமர்ந்து பாடத்தைக் கவனித்து, பதிவேட்டில் குறிப்பெழுதிக் கையொப்பமிடுவார்.

ஒரு கற்பித்தல் திறனைச் சிறு குழுவிடம் சில நிமிடங்கள் பயிலும் நுண்ணிலைக் கற்பித்தல் 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக நீட்டித்து, பள்ளி அனுபவத்துக்குக் குறைந்தது 20 வாரங்கள் ஒதுக்கின. தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகள் 2008இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை.

இப்பயிற்சி உள்ளூர் மொழிச் சூழலுக்கேற்பவும் அமைகிறது. எடுத்துக்காட்டாக, 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. பென்னாகரம், அரூர், பாலக்கோடு போன்ற வட்டங்களின் ஊரகப் பள்ளிகளில் ஆங்கிலம் பெரும்பாலும் வகுப்பறைக்குள் மட்டுமே ஒலிப்பதால், உரையாடல் பயிற்சியும் தாய்மொழி வழி விளக்கமும் இங்கு முக்கியத்துவம் பெறுகின்றன.