எழுபத்திரண்டில் ஒரு பங்கு

ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கினால் அவன் ஏறிச் செல்லும் விமானம் எவ்வளவு இருக்கும்? இந்தக் கணக்கிலிருந்துதான் 1/72 என்னும் அளவை பிறந்தது. ஆறடியில் எழுபத்திரண்டு அங்குலங்கள். ஆகவே ஒன்றுக்கு எழுபத்திரண்டு. 1932-இல் இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் வெளிவந்த மரத்தாலான சிறு விமானப் பெட்டிகள் இந்த அளவையைக் கைக்கொண்டன. நான்காண்டுகள் கழித்து ஃபிராக் நிறுவனத்தார் அதனையே பிளாஸ்டிக்கிற்குக் கொண்டுவந்தனர். இன்றளவும் போர் விமான மாதிரிகள் செய்வோரிடையே இதுவே பெருவழக்கு.

விளையாட்டுப் பொருள் என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் 1942-இல் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பள்ளி மாணவரிடம் ஐந்து இலட்சம் விமான மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டதை எண்ணிப் பார்க்கவேண்டும். மரத்தைச் செதுக்கிக் கறுப்பு வண்ணம் பூசிய அவையும் 1/72 அளவினவே. முப்பத்தைந்தடி தொலைவில் பிடித்துக் காட்டினால், ஏறத்தாழ அரை மைலுக்கு அப்பால் பறக்கும் மெய்யான விமானம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே மாதிரியும் தோன்றும். வருவது நண்பனா பகைவனா என்பதை வடிவம் கண்டு அறிய வீரர்கள் இவ்வாறு பயின்றனர். சிறகின் சாய்வு சற்றே பிசகியிருந்தாலும் நம்மவர் மீதே குண்டு பாயக்கூடும். அளவையில் துல்லியம் வேண்டும் என்ற பிடிவாதம் அக்காலத்தில் வேடிக்கையன்று.

புதுவை வாசகருக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு என்பது என் எண்ணம். நம் விமானப்படையின் வரலாற்றில் பிரெஞ்சுச் சொற்கள் காற்றோடு காற்றாக வந்து கலந்தவை. தஸ்ஸோ நிறுவனத்தின் 'உரகான்' ஜெட் போர் விமானங்களை இந்தியா 1953-இல் வாங்கியது. அவ்வாண்டு அக்டோபரிலேயே முதல் விமானங்கள் வந்திறங்கின. உரகான் என்றால் சூறாவளி. நம் விமானப்படையினர் பெயரை மொழிபெயர்த்துத் 'தூஃபானி' என்று அழைத்தனர். பின்னர் கடற்படைக்கு வந்த 'அலிஸே' வணிகக் காற்று. 2020-இல் அம்பாலாவில் வந்திறங்கிய 'ரஃபால்' திடீரென வீசும் வன்காற்று. ஆண்டுதோறும் கார்த்திகை மார்கழியில் வங்கக் கடலைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் பெயர்களை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த 1953-ஆம் ஆண்டையும் நோக்கவேண்டும். புதுச்சேரி அப்போதும் பிரான்சின் ஆட்சியில் இருந்தது. எல்லைகளில் கெடுபிடி, இணைப்பு இயக்கம் சூடேறிக்கொண்டிருந்தது. கீழூரில் 1954 அக்டோபர் 18-இல் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. ஒருபுறம் நிலத்தைக் குறித்த வழக்கு, மறுபுறம் அதே நாட்டிடம் விமானக் கொள்முதல்! அரசுகளின் கணக்கு இல்லறத்தின் கணக்கன்று.

பிரான்சின் ஹெல்லர் நிறுவனம் உரகானை 1/72 அளவில் பெட்டியாக வெளியிட்டது. கட்டி முடித்தால் நீளம் பதினைந்து சென்டிமீட்டர் தேறும். அதனைத் தூஃபானியாக ஆக்க விழைபவர் முதலில் வட்டங்களை மாற்றவேண்டும். நீலம் நடுவிலும் சிவப்பு வெளியிலுமான பிரெஞ்சு வட்டத்திற்குப் பதிலாக, பச்சை நடுவிலும் காவி வெளியிலுமான நம் வட்டம். அதுவரை எளிது. அதன் பிறகுதான் சங்கடம் தொடங்கும். எந்தப் படைப்பிரிவு? வாலில் எந்த எண்? வெள்ளி நிற உலோகமா, வண்ணப் பூச்சா? இதற்காகவே நூல்களின் துணையை நாடுகின்றனர். 1909 முதல் ஜேன் தொகுத்தளித்த உலக விமானங்களின் பேரேடும், 1960-களில் இங்கிலாந்தில் வெளிவந்த 'ப்ரொஃபைல்' சிறு நூல்களும் அவ்வகையின. ஆனால் அவற்றில் நம் விமானங்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். பிறர் எழுதிய நூலில் நம்மைத் தேடுவோர்க்கு நேர்வது இதுவே.

சில வேளைகளில் பிறர் எழுதிய நூலே நம்மவரைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. 1965 செப்டம்பர் 7. ஆதம்பூரிலிருந்து முதலாம் படைப்பிரிவின் மிஸ்தேர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் புறப்பட்டன. மிஸ்தேரும் தஸ்ஸோவின் படைப்பே. குடகைச் சேர்ந்த படைத்தலைவர் அஜ்ஜமாடா போப்பய்யா தேவய்யாவுக்கு அன்று மாற்று விமானியாகக் காத்திருக்கும் பணி. முதல் வரிசையில் ஒரு விமானம் விலகவே, அவர் அதன் இடத்தில் சேர்ந்தார். அவர் திரும்பவில்லை. என்ன நேர்ந்தது என்பது உடன் சென்றவர்க்கும் தெரியவில்லை. காணாமற்போனவர் என்ற குறிப்போடு ஏடு மூடப்பட்டது.

1979-இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர் அப்போரின் வான்வழி வரலாற்றை நூலாக்கினார்; பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு, அதன் வெற்றிகளைச் சொல்லவே எழுதப்பட்ட நூல். அந்நூலில்தான் அவர்களது ஸ்டார்ஃபைட்டர் ஒன்று அன்று மிஸ்தேர் ஒன்றோடு பொருது வீழ்ந்த செய்தி இருந்தது. ஒலியைப் போல் இருமடங்கு விரைவுடைய விமானத்தை, கிடைமட்டமாகப் பறக்கையில் ஒலியின் விரைவையும் எட்டாத மிஸ்தேர் வீழ்த்தியிருக்கிறது! ஸ்டார்ஃபைட்டரின் விமானி அம்ஜத் உசேன் குடையின் உதவியால் உயிர் தப்பினார். திரும்பாத மிஸ்தேர்களையும் அவற்றின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது தேவய்யாவாகவே இருக்கவேண்டும் என்பது புலனாயிற்று. படைப்பிரிவின் அந்நாள் தலைவர் தனேஜா உள்ளிட்டோர் வற்புறுத்தியதன் பயனாக 1988-இல், மறைந்த இருபத்து மூன்றாம் ஆண்டில், தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அதனைப் பெற்றுக்கொண்டவர் அவருடைய மனைவி.

பகைவரின் நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்களையும் நேரங்களையும் சரிபார்க்கும் பொறுமை ஒருவருக்கு இல்லாதிருந்தால், அந்தப் பெண்மணிக்குக் கணவர் இறுதிவரை காணாமற்போனவராகவே இருந்திருப்பார். மாதிரி செய்வோர் வாலில் உள்ள எண் எது என்று நச்சரிக்கும்போது நகைப்பவர்களுக்கு நான் இதனைச் சொல்வதுண்டு.

தில்லி பாலத்தில் உள்ள விமானப்படைக் காட்சியகத்தில் தூஃபானியும் மிஸ்தேரும் வைக்கப்பட்டன. அவ்வளவு தொலைவு போக இயலாதவர் மேசைமேல் வைத்துப் பார்க்கலாம்: மிஸ்தேரின் நீளம் 12.85 மீட்டர், எழுபத்திரண்டில் ஒரு பங்காகப் பதினெட்டு சென்டிமீட்டர். உள்ளே அமர்பவர் எழுந்து நின்றால் ஓர் அங்குலம்.