கூஷ்: விவிலியத்தில் கறுப்பின மக்களின் இருப்பும் மறைப்பும்

கி.மு. 588க்கும் 586க்கும் இடைப்பட்ட முற்றுகைக் காலம். பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருந்தது. நகருக்குள் அப்பம் தீர்ந்துகொண்டிருந்தது. சரணடைந்தால் பிழைக்கலாம் என்று சொன்ன எரேமியாவைப் பிரபுக்கள் பிடித்துக் கயிற்றில் கட்டித் துரவுக்குள் இறக்கினார்கள். துரவில் தண்ணீர் இல்லை, சேறுதான். அவர் அதில் அமிழ்ந்தார். அரசன் சிதேக்கியா பிரபுக்களுக்கு அஞ்சி வாய்திறக்கவில்லை. அரண்மனையைச் சேர்ந்த ஒருவர் மட்டும் பென்யமீன் வாசலில் அமர்ந்திருந்த அரசனிடம் நேரே போய், இது கொடுமை, அவர் பட்டினியால் சாவார் என்று வாதாடி அனுமதி பெற்றார். துரவுக்குப் போகும் முன் பொக்கிஷ அறைக்குக் கீழிருந்த பழந்துணிகளையும் கந்தைகளையும் எடுத்துக்கொண்டார். கயிறு அறுக்காதபடி அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளுமாறு எரேமியாவிடம் சொல்லி, அதன்பிறகே மேலே இழுக்கச் செய்தார்.

அவர் பெயர் எபெத்மெலேக்கு. எபிரேய மூலம் அவரை மீண்டும் மீண்டும் 'கூஷி', அதாவது கூஷ் நாட்டவர் என்றே குறிப்பிடுகிறது. எரேமியாவின் சொற்கள் நமக்குக் கிடைத்திருப்பதில் இந்தக் கறுப்பினத்தவருக்குப் பங்குண்டு. ஆனால் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளில் வளர்ந்த எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? விவிலியத்தில் கறுப்பின மக்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டவர்களாக இல்லை. அவர்களை ஓரத்துக்குத் தள்ளியவை பின்னால் வந்த மொழிபெயர்ப்புகளும் விளக்கவுரைகளும் ஆதிக்க நலன்களுமே. அந்த வரலாற்றைக் காலவரிசையில் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல். கூஷ் என்பது எகிப்தியர் தம் தெற்கு அண்டைநாட்டுக்கு இட்ட பெயர். அஸ்வானுக்கு அருகே நைல் நதியின் முதல் பாறைவீழ்ச்சிக்கு அப்பால் தொடங்கி, இன்றைய சூடானின் வடபகுதி முழுவதும் பரவிய நிலம் அது. கெர்மா, நபாத்தா, மெரோவே என்று அதன் தலைநகரங்கள் காலந்தோறும் மாறின. எபிரேயர் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டனர். எபிரேய விவிலியத்தில் கூஷ், கூஷி ஆகிய சொற்கள் 50க்கும் மேற்பட்ட இடங்களில் வருகின்றன. ஏதேனிலிருந்து பிரியும் ஆறுகளில் ஒன்றான கீகோன் கூஷ் நாட்டைச் சுற்றி ஓடுவதாக ஆதியாகமம் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. உலகின் தொடக்கத்தை வரையும்போதே எழுத்தாளரின் வரைபடத்தில் இந்நாடு இருந்தது.

ஓர் எச்சரிக்கை தேவை. 'இனம்' என்று இன்று நாம் சொல்லும் பொருளில் பண்டை எபிரேயரிடம் ஒரு கருத்து இருந்ததில்லை. நிறத்தை அவர்கள் கவனித்தார்கள். கூஷியன் தன் தோலை மாற்ற முடியுமா என்று எரேமியா 13ஆம் அதிகாரத்தில் கேட்பதே சான்று. அங்கே சிறுத்தையின் புள்ளிகளும் அதே மூச்சில் வருகின்றன. மாறாத இயல்புக்கு உவமை தேடியவர் கண்ணில் பட்டவை இவை. தோலில் குற்றம் இருப்பதாக அந்த வரி எங்கும் சொல்லவில்லை.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கூஷ் தொலைதூர நாடாக இருந்த நிலை மாறிப் பேரரசாயிற்று. நபாத்தாவிலிருந்து கிளம்பிய அரசர்கள் எகிப்தை வென்று அதன் 25ஆம் வம்சமாக ஆண்டனர். அவர்களில் புகழ்பெற்றவர் தகார்கா (கி.மு. 690–664); நூரியில் உள்ள பிரமிடுகளில் பெரியது அவருடையது. தமிழ் வேதாகமத்தின் 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் 'திராக்கா' என்று வருபவர் இவரே. கி.மு. 701இல் அசீரியப் பேரரசன் சனகெரிப் எருசலேமை நெருக்கியபோது, திராக்கா படையோடு வருகிறார் என்ற செய்தி அவனை எட்டுகிறது. அந்த ஆண்டில் அவர் இன்னும் முடிசூடவில்லை. பின்னாளில் எழுதியவர், தாம் அறிந்திருந்த அரசப் பட்டத்தை முன்னதாகவே சூட்டிவிட்டார் என்பது ஏற்கத்தக்க விளக்கம். எருசலேம் அன்று விழாமல் தப்பியதற்குக் கூஷியப் படையே காரணம் என்று ஹென்றி ஆபின் 2002இல் ஒரு நூல் முழுக்க வாதிட்டார். முடிவை அப்படியே ஏற்காதவர்களும், அந்தப் படையின் வருகையை ஓர் அடிக்குறிப்பாகச் சுருக்கிவந்த பழைய வழக்கம் தவறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்ந்த உடலும் வழவழப்பான மேனியும் உடையவர்கள், தொலைவிலும் அஞ்சப்படுகிறவர்கள் என்று ஏசாயா 18ஆம் அதிகாரம் வியக்கும் மக்கள் இவர்கள்தாம்.

போர்க்களத்துக்கு வெளியே, யூதாவின் வீடுகளுக்குள்ளும் கூஷ் இருந்தது. செப்பனியா தீர்க்கதரிசியின் தந்தை பெயர் கூஷி. மற்றத் தீர்க்கதரிசிகளுக்கு ஒன்றிரண்டு தலைமுறைக்குமேல் போகாத விவிலியம், இவருக்கு மட்டும் எஸ்கியா வரை நான்கு தலைமுறை எண்ணுகிறது. கூஷியத் தொடர்புடைய குடும்பம் ஒன்று யூதாவின் மேல்தட்டில் வேரூன்றியிருந்தது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். தாவீதின் படையில் ஒரு கூஷியர் இருந்தார்; அப்சலோம் இறந்த செய்தியை அரசனிடம் சேர்த்தவர் அவர். மோசே மணந்த பெண் கூஷியப் பெண். அந்த மணத்தை மிரியாமும் ஆரோனும் பழித்தபோது, மிரியாமின் தோல் பனியைப் போல் வெளுத்துக் குஷ்டம் கண்டது. பழிப்புக்குக் காரணம் நிறம்தான் என்று எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் சொல்லவில்லை. ஆயினும் தண்டனை தோலின் மேல், அதுவும் வெண்மையாக, இறங்கியதைத் தற்செயல் என்று கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை.

எபெத்மெலேக்கு என்றால் 'அரசனின் ஊழியன்'. இதைப் பார்த்தவுடன் அடிமை என்று முடிவுகட்டிய விளக்கவுரையாளர்கள் உண்டு. 1932இல் தெல் என்-நஸ்பேயில் கிடைத்த ஒரு முத்திரைக்கல், சேவல் உருவத்தோடு, யாசனியா என்பவரை இதே சொல்லால் 'அரசனின் ஊழியர்' என்கிறது. சொந்த முத்திரை வைத்திருந்தவர் அதிகாரி. அவருக்கு அச்சொல் பட்டம். அதே பட்டம் கறுப்பினத்தவர் ஒருவருக்கு வந்ததும் அடிமைப்பெயராகப் படிக்கப்பட்டது. தாவீதின் கூஷியத் தூதருக்கும் இதுவே நேர்ந்தது. மூலத்தில் அடிமை என்ற குறிப்பே இல்லாதபோதும், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உரைகள் சில அவரை அடிமையாக்கின. உரையாசிரியர்கள் பண்டை யூதாவைப் பார்க்கவில்லை. தம் காலத்து அடிமைத் தோட்டங்களைப் பார்த்தார்கள்.

பெயர் மாற்றம் நிகழ்ந்தது அலெக்சாந்திரியாவில். கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் எபிரேய விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கூஷ் என்பதற்கு 'அய்த்தியோப்பியா' என்று எழுதினார்கள். 'வெயிலில் கரிந்த முகத்தார்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஒரு நாட்டின் பெயர் போய், முகத்தின் நிறம் பெயராயிற்று. அந்தச் சொல்லே லத்தீனுக்கும் பின்னர் ஐரோப்பிய மொழிகளுக்கும், அவற்றின் வழியே தமிழுக்கும் வந்தது. அதனால் இன்று 'எத்தியோப்பியா' என்று படிக்கும் வாசகர் அடிஸ் அபாபாவை நினைக்கிறார். நினைக்க வேண்டியது சூடானை.

அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தின் எத்தியோப்பியரும் அப்படியே. காசாவுக்குப் போகும் வழியில் இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டிருந்த அவர், கந்தாகேயின் பொக்கிஷங்களுக்குப் பொறுப்பாளர். கந்தாகே ஒரு பெண்ணின் பெயர் இல்லை. மெரோவே அரசியருக்கு உரிய பட்டம். அப்பட்டம் தாங்கிய அமானிரேனாஸ் கி.மு. 20களில் ரோமுடன் போரிட்டவர். அந்தப் போரில் கைப்பற்றப்பட்ட அகஸ்துஸ் சிலையின் வெண்கலத் தலை, மெரோவேயில் ஒரு கோயிலின் படிக்கட்டுக்குக் கீழே, ஏறுகிற ஒவ்வொருவரும் மிதித்துச் செல்லும்படி புதைக்கப்பட்டிருந்தது. 1910இல் அகழ்ந்தெடுக்கப்பட்டு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட அரசின் நிதியை ஆண்டவர்தான் நற்செய்தியாளர் பிலிப்பைத் தம் இரதத்தில் ஏற்றிக்கொண்டார். தண்ணீரைக் கண்டதும் தாமே ஞானஸ்நானம் கேட்டார். பேதுரு பிற இனத்தவரான கொர்நேலியுவின் வீட்டுக்குப் போவதற்கு இரண்டு அதிகாரங்கள் முன்பே இது நடந்துவிடுகிறது. அந்த எத்தியோப்பியர் ஓர் அண்ணகர் என்பதையும் மூலம் வெளிப்படையாகச் சொல்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'மந்திரி' என்று மாற்றி, அண்ணகர்களை வரவேற்கும் ஏசாயா 56ஆம் அதிகாரத்தோடு இக்கதைக்குள்ள உறவை அறுத்துவிட்டது.

புதிய ஏற்பாட்டில் உறுதியாகச் சொல்லக்கூடியவை இதற்குமேல் மிகுதி இல்லை. அந்தியோகியா சபைத் தலைவர்களில் ஒருவரான சிமியோனுக்கு 'நீகர்', அதாவது கறுப்பர் என்ற மறுபெயர் இருந்தது. இது நல்ல குறிப்பு. சிலுவை சுமந்த சிரேனே ஊர் சீமோனைக் கறுப்பினத்தவராக ஓவியங்கள் காட்டுகின்றன. சிரேனே லிபியாவில் கிரேக்கர் நிறுவிய நகரம், யூதர்கள் நிறைய வாழ்ந்த ஊர். ஊரை வைத்து நிறத்தைத் தீர்மானிக்க இயலாது. குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானியருள் ஒருவர் கறுப்பர் என்பது இடைக்கால மரபு. மத்தேயு எண்ணிக்கையைக்கூடச் சொல்லவில்லை. சேபா நாட்டு அரசியைத் தங்கள் மூதாயாகக் கொண்டாடும் எத்தியோப்பிய மரபு தொன்மையானது, ஆனால் சேபாவின் மையம் தென் அரேபியா. உள்ள சான்றே போதுமான அளவு இருக்கும்போது இல்லாததைச் சேர்ப்பது வாதத்தை வலுவிழக்கச் செய்யும்.

திருச்சபைத் தந்தையரிடம் நிறம் உருவகமாயிற்று. உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்தில் ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்லும் இரு சொற்கள் இதற்கு உரைகல்: கறுப்பு, அழகு. இரண்டையும் இணைக்கும் எபிரேய எழுத்து 'உம்' என்றும் 'ஆனால்' என்றும் பொருள்படும். கிரேக்க மொழிபெயர்ப்பு 'உம்' என்றது. 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் அந்த வாசகத்தோடு மோசேயின் மனைவியையும் சேபா அரசியையும் எபெத்மெலேக்கையும் ஒரே இழையில் கோத்து, பிற இனத்தாரின் திருச்சபைக்கு அடையாளமாக்கினார். அது பெருமைதான், ஆனால் கறுப்பைப் பாவத்தோடு இணைத்ததும் அதே உரைதான். ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பு 'ஆனால்' என்பதைத் தேர்ந்தது. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே வழியில் சென்றது.

ஐரோப்பா உருவகம் செய்துகொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்கர் தங்கள் விவிலியத்தைத் தங்கள் மொழியில் படித்துக்கொண்டிருந்தனர். 4ஆம் நூற்றாண்டில் அக்சும் அரசர் எசானா கிறிஸ்தவரானார். கீயெஸ் மொழியில் உள்ள கரிமா நற்செய்திப் படிகள், உலகில் எஞ்சியுள்ள ஓவியம் தீட்டிய நற்செய்தி நூல்களுள் மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. பண்டைக் கூஷின் மண்ணிலேயே 6ஆம் நூற்றாண்டில் நூபியக் கிறிஸ்தவ அரசுகள் எழுந்தன. அஸ்வான் அணையின் நீரில் மூழ்குமுன் 1960களின் தொடக்கத்தில் போலந்து அகழாய்வாளர்கள் ஃபராஸ் பேராலயச் சுவரிலிருந்து காத்த ஓவியங்களில், கறுத்த முகத்துடன் ஆயர் பெத்ரோஸ் நிற்க, வெளிறிய முகத்துடன் புனித பேதுரு பின்னே நின்று அவரைத் தாங்குகிறார்.

பெருங்கேடு விளைத்தது ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தின் திரித்த வாசிப்பு. நோவா சபிப்பது தம் மகன் காமின் மகனான கானானை. காமுக்கு நான்கு மகன்கள். கூஷ் அவர்களில் ஒருவர், அவர்மேல் ஒரு சொல் சாபமும் இல்லை. இருந்தும் 'காமின் சாபம்' என்ற பெயரில் அது கறுப்பின மக்கள் அனைவர்மேலும் ஏற்றப்பட்டது. 14ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்ன் கல்தூன், நிறத்துக்குக் காரணம் தட்பவெப்பம்தான் என்று இக்கதையை மறுத்தார். போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் சுராரா 1453இல் அந்தச் சாபத்தை அடிமை வணிகத்துக்கு நியாயமாக எழுதினார். 1861இல், பிரிந்துபோன அமெரிக்க அடிமை மாநிலங்களின் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், கானானின் சாபத்தைத் தம் அரசின் அடித்தளத்துக்கே சான்றாகக் காட்டினார். சாபத்தைத் திரிப்பது போதாதபோது நூலையே வெட்டினார்கள். 1807இல் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென அச்சான விவிலியத்தில் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி இல்லை. எகிப்தின் அடிமைகள் விடுதலை பெற்று வெளியேறும் கதை இல்லை.

வெட்டப்பட்டவர்களே நூலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விடுதலை பெற்ற கறுப்பினத் தலைவர் பிரின்ஸ் ஹால், 1797இல் மாசசூசெட்ஸில் தம் கூட்டத்தாரிடம் ஆற்றிய உரையில் எத்தியோப்பிய நிதிப் பொறுப்பாளரை நினைவூட்டினார். கூஷ் தன் கைகளைக் கடவுளை நோக்கி நீட்டும் என்ற 68ஆம் சங்கீதத்தின் வாக்கு, கறுப்பினப் பிரசங்க மேடைகளில் 19ஆம் நூற்றாண்டு முழுதும் ஒலித்தது. 1892இல் பிரிட்டோரியாவில் மங்கேனா மொகோனே, வெள்ளையர் கட்டுப்பாட்டிலிருந்து பிரிந்து தொடங்கிய சபைக்கு 'எத்தியோப்பியத் திருச்சபை' என்று பெயரிட்டார். முகத்தின் நிறத்தைக் குறித்த கிரேக்கச் சொல், தென்னாப்பிரிக்காவில் விடுதலையின் பெயராயிற்று.

கல்விப்புலம் மெதுவாகவே பின்தொடர்ந்தது. ஃபிராங்க் ஸ்னோடன் 1970இல் கிரேக்க, ரோம உலகில் கறுப்பினத்தாரைப் பற்றி எழுதினார். அட்லாண்டாவில் சார்ல்ஸ் கோஃபரும், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கெய்ன் ஹோப் ஃபெல்டரும் விவிலியத்துக்குள்ளேயே அந்த வேலையைச் செய்தனர். ஃபெல்டர் பதிப்பித்த கட்டுரைத் தொகுதி 1991இல் வந்தது. நைஜீரியாவின் டேவிட் அடாமோ பழைய ஏற்பாட்டில் ஆப்பிரிக்காவைத் தேடித் தொகுத்தார். 2003இல் டேவிட் கோல்டன்பர்க், காம் என்ற பெயருக்கும் கறுப்புக்கும் சொற்பிறப்பு உறவே இல்லை என்று மொழியியல் வழியில் காட்டினார். அதற்கு முன்பே, 1989இல் வந்த ஆங்கிலப் புதிய திருத்தப் பதிப்பு உன்னதப்பாட்டில் 'ஆனால்' என்பதை எடுத்துவிட்டு 'உம்' என்று திருத்தியது.

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் மோசேயின் மனைவியும் எபெத்மெலேக்கும் எத்தியோப்பியர். தாவீதின் தூதரோ 'கூஷி' என்ற தனிமனிதப் பெயராகிவிட்டார். மூலத்தில் ஒரே சொல். தமிழில் படிப்பவருக்கு இவர்கள் ஒரே நாட்டார் என்று தெரிய வழியே இல்லை. உன்னதப்பாட்டுப் பெண்ணோ, 'கறுப்பாயிருந்தாலும்' என்று தன் நிறத்துக்குச் சமாதானம் சொல்கிறாள். கறுத்த மேனியைக் குறையாகப் பேசும் பழக்கம் நம் வீடுகளிலும் திருமண விளம்பரங்களிலும் இருப்பதால் அந்த விகுதி நம் செவியில் உறுத்துவதே இல்லை. மொழிபெயர்ப்பாளர்களிடமும் சபைகளிடமும் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த திருத்தத்தில் கூஷைக் கூஷ் என்றே எழுதுங்கள், அந்த 'ஆலும்' என்பதை எடுத்துவிடுங்கள்.